பெற்றோல் கணக்கு அடுப்படியில் தொடங்குகிறது

மாதக் கடைசியில் எரிபொருள் விலை கூடப்போகிறது என்ற கதை பரவியதும், மட்டக்களப்பு நகரிலிருந்து களுவாஞ்சிகுடி வரை பெற்றோல் செட்டுகளின் முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிடுகின்றன. லீற்றருக்கு 10 ரூபா கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 4 லீற்றர் அடிப்பவருக்கு மிஞ்சுவது 40 ரூபா. அந்த 40 ரூபாவுக்காக இரவில் கால்கடுக்க நிற்கும் அதே மனிதர், மறுநாள் தேங்காய்க்கு ஒருமுறை, சீனிக்கு ஒருமுறை, மறந்துபோன வெங்காயத்துக்கு இன்னொருமுறை என்று வண்டியை எடுப்பதை ஒரு செலவாகவே நினைப்பதில்லை. நம் வீடுகளில் பெற்றோல் கரைவது எப்போதாவது போகும் கொழும்புப் பயணத்தில் என்று நான் நம்பவில்லை. "மனே, ஒருக்கா கடைக்குப் போயிட்டு வா" என்று அடுப்படியிலிருந்து வரும் அந்தக் குரலில்தான் அது கரைகிறது.

ஒரு சிறு கணக்குப் போடலாம். கடைக்குப் போய்வர 4 கிலோமீற்றர், ஒரு நாளில் இப்படி ஐந்து தடவை, மொத்தம் 20 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு இது அரை லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று எடுத்தால் நாளொன்றுக்கு 150 ரூபா, மாதத்துக்கு 4,500 ரூபா. ஐந்தை இரண்டாகக் குறைத்தால் 2,700 ரூபா கையில் நிற்கும். உண்மையில் மிச்சம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஏனெனில் ஆறிக் கிடக்கும் எஞ்சின் சூடேறும் வரை அதிக எரிபொருளைக் கேட்கும். சிறு பயணங்களில் அது நன்றாகச் சூடேறுவதற்குள் நாம் வீட்டு வாசலுக்கே திரும்பிவிடுகிறோம். ஒரே எட்டில் நான்கு வேலைகளை முடிப்பவருக்கு இந்தத் தண்டம் ஒருமுறைதான். (அதிகாலைக் குளிரில் அடித்தால் பெற்றோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிலத்துக்கடியில் இருக்கும் தாங்கியின் வெப்பநிலை காலையிலும் மாலையிலும் பெரிதாக மாறுவதில்லை.)

இந்த ஒழுங்கு நமக்குத் தெரியாததல்ல. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவைத் தொட்டபோதும், அடுத்த மாதம் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோதும், இதே வீடுகள் பட்டியல் எழுதி, அயல்வீட்டையும் கேட்டு, ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டன. 2023 செப்டம்பர் முதலாம் திகதி அந்த முறை நிறுத்தப்பட்டது. பட்டியல் எழுதும் பழக்கத்தையும் நாம் அன்றோடு நிறுத்திவிட்டோம். அதற்கும் முன்னால், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து படகுப்பாதையில் ஏறி இக்கரைக்கு வந்த பெரியவர்கள் இதில் நம்மையெல்லாம் விடக் கெட்டிக்காரர்கள். அந்தப் படகைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும் என்பதால், ஆஸ்பத்திரி, வங்கி, உரம், பிள்ளைக்குக் கொப்பி என்று எதை முதலில் முடிப்பது, எதைத் திரும்பும் வழியில் எடுப்பது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டுதான் புறப்பட்டார்கள். பாலம் வந்தது மிக நல்லது. ஆனால் அது திட்டமிட வேண்டிய கட்டாயத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருப்பவர்களுக்குத் திட்டமிடுவது இன்னும் எளிது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பிரதான வீதி கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரே கோடாகக் கிடக்கிறது. நமக்கு வேண்டிய கடைகளும் கந்தோர்களும் பெரும்பாலும் அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கின்றன. போகும்போது இடப்பக்க வேலைகள், திரும்பும்போது மறுபக்க வேலைகள் என்று பிரித்துக்கொண்டால் வண்டியைத் திருப்பித் திருப்பி அலையவோ, கல்லடிப் பாலத்தை ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கடக்கவோ தேவைப்படாது. காஸ் சிலிண்டரையும் அரிசி மூட்டையையும் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் கடையில் கடைசியாக ஏற்றினால் போதும், பாரத்தை ஊர் முழுக்கச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இரண்டு பயணங்களைத் தவிர்க்கவே முடியாது: காலை 7.30க்கு விடுவது, பிற்பகல் 1.30க்கு ஏற்றுவது. மற்ற எல்லாவற்றையும் இந்த இரண்டிலும் கோத்துவிட வேண்டும் என்பதே நான் சொல்லும் முறை. காலையில் கந்தோர்களும் பெரிய கடைகளும் திறந்திரா, ஆனால் மரக்கறிச் சந்தை திறந்திருக்கும். எனவே அது காலைக்கு. வங்கி, மின்சாரப் பட்டியல், மருந்து ஆகியவற்றுக்குப் பன்னிரண்டரைக்கே புறப்பட்டு, முடித்துக்கொண்டு அப்படியே பாடசாலை வாசலுக்குப் போகலாம். வெள்ளிக்கிழமையானால் காத்தான்குடியில் ஜும்ஆ நேரத்துக்குக் கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும், போயா தினத்தில் வங்கி திறக்காது என்பதையும் நாட்காட்டியில் பார்க்கச் செலவாவது அரை நிமிடம்தான்.

மீனை மட்டும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவர முடியாது. கடலும் வாவியும் பக்கத்தில் இருக்க, மூன்று நாள் மீனை ஒரேயடியாக வாங்கிக் குளிரூட்டியில் வையுங்கள் என்று மட்டக்களப்பு வீட்டில் சொன்னால், சொன்னவருக்கே சோறு கிடைக்காது. அதற்கும் வழி இருக்கிறது: பெட்டி கட்டிய சைக்கிளில் கூவிக்கொண்டு வரும் மீன்காரரும், பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வரும் சூன் பாண்காரரும் ஒரு தெருவில் இருக்கும் வீடுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பயணத்தைச் செய்கிறார்கள். சந்தையைவிட அவரிடம் கிலோவுக்கு 50 ரூபா கூட என்று முகம் சுளித்து, அந்த 50 ரூபாவை மிச்சம் பிடிக்க அதில் பெரும்பகுதியைப் பெற்றோலாக எரித்துச் சந்தைக்குப் போவது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றாடக் கூலியை அன்றாடம் வாங்கி, கால் கிலோ சீனியும் ஒரு தேங்காயும் வாங்கிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு இந்தப் புத்திமதி பொருந்தாது. மொத்தமாக வாங்கக் கையில் காசு வேண்டும். நான் பேசுவது மாதச் சம்பளமும் வாசலில் ஒரு வண்டியும் உள்ள நம்மைப் போன்றவர்களைப் பற்றி. இன்னொன்று, திட்டமிடுதல் என்றதும் அதை வீட்டுப் பெண்களின் தலையில் கட்டிவிடுகிறோம். அரிசிப் பானையில் எவ்வளவு இருக்கிறது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. வண்டியை ஓட்டுபவரே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படிக்குள் போய்ப் போத்தல்களைத் திறந்து பார்த்துப் பட்டியலை எழுதட்டும். நாளை அலையப்போவது அவர்தானே.

இவ்வளவும் செய்து, ஒழுங்காகத் திட்டமிட்டுப் புறப்பட்டவரையும் தோற்கடிக்கக்கூடிய ஓரிடம் உண்டு. "ஐயா கூட்டத்துக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்கோ" என்று ஒரு நாளும், "அடையாள அட்டைக் கொப்பி ரெண்டு வேணும்" என்று மறுநாளும் திருப்பி அனுப்பும் கந்தோர்களைத்தான் சொல்கிறேன். வெல்லாவெளியிலிருந்தோ வாகரையிலிருந்தோ நகரத்துக்கு ஒரு கையெழுத்துக்காக வருபவர் எரிப்பது வீட்டுச் செலவிலிருந்து எடுத்த பெற்றோலை. எந்த வேலைக்கு எந்தெந்த ஆவணங்கள் வேண்டும், எத்தனை பிரதிகள் வேண்டும், பொறுப்பான உத்தியோகத்தர் எந்த நாட்களில் இருப்பார் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டுவதோடு, அதையே படம் எடுத்துத் தங்கள் முகநூல் பக்கத்திலும் போடலாம். அழைத்தால் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் அதன் கீழே எழுதலாம். இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு தாளும் ஒரு மாக்கர் பேனாவும் போதும்.