ஓட்டு எண்ணும் விதியை யார் மாற்றுவது?

2024 பிரிட்டன் பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி வாங்கிய ஓட்டு 34 சதவீதத்துக்கும் குறைவு. கிடைத்ததோ 650ல் 411 இடம். 14 சதவீதம் வாங்கிய ரிஃபார்ம் யு.கே. கட்சிக்கு ஐந்தே இடம். அந்தக் கட்சியின் கொள்கைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் 40 லட்சம் ஓட்டுக்கு ஐந்து இடம் என்பது அநியாயம்தான்.

இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை, விதியே அப்படி. தொகுதியில் முதலில் வந்தவருக்கு எல்லாம், மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு அங்கேயே முடிந்தது. அதனால் எத்தனை ஓட்டு என்பதைவிட அது எங்கே குவிந்திருக்கிறது என்பதே முக்கியமாகிவிடுகிறது. 2014 மக்களவைத் தேர்தலில் ஓட்டுக் கணக்கில் நாட்டிலேயே மூன்றாவதாக வந்தது பகுஜன் சமாஜ் கட்சி. இரண்டு கோடிக்கு மேல் ஓட்டு, ஒரு இடம்கூட இல்லை. அதைவிடக் குறைவாக வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 37 இடம், ஏனென்றால் அதன் ஓட்டு ஒரே மாநிலத்தில் குவிந்திருந்தது.

வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற அளவில் கட்சிகளுக்கு இடம் தரும் விகிதாசார முறை வந்தால் ஆட்சி நிலைக்காது என்பார்கள். விகிதாசார முறை உள்ள ஜெர்மனியில் ஆட்சித் தலைவராக இருந்த மெர்கல் கூட்டணி வைத்தே 16 ஆண்டு ஓட்டினார். பிரிட்டனில் 2016 முதல் 2022க்குள் ஒரே கட்சியிலிருந்து ஐந்து பிரதமர்கள்!

விகிதாசாரத்திலும் வில்லங்கம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமையே முடிவு செய்தால் உறுப்பினர் தலைமைக்குத்தான் பயப்படுவார், மக்களுக்கு அல்ல. நுழைவு வரம்பை, அதாவது இடம் பெற ஒரு கட்சி வாங்கியாக வேண்டிய குறைந்தபட்ச ஓட்டு சதவீதத்தை, உயர்த்தி வைத்தாலும் கதை கந்தல்தான். துருக்கியில் 10 சதவீத வரம்பு இருந்தபோது, 2002ல் 34 சதவீதம் வாங்கிய கட்சி கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு இடங்களை அள்ளியது. தொகுதிக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு, 5 சதவீத வரம்பு என்ற நியூசிலாந்து ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, பிறகு ஏன் மாறுவதில்லை? பழைய விதியில் ஜெயித்தவர்கள் கையில்தான் அதை மாற்றும் அதிகாரமும் இருக்கிறது. கனடாவில் 2015 தேர்தலே பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் என்று வாக்குறுதி கொடுத்த ட்ரூடோ, பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தபின் 2017ல் கைகழுவிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நியூசிலாந்தில் 1978, 1981 இரண்டு தேர்தலிலும் அதிக ஓட்டு வாங்கிய கட்சி எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. அந்தக் கடுப்பில் தேர்தல் முறையை ஆராய ஆணையம் அமைத்தார்கள், 1986ல் அறிக்கை வந்தது. 1992ல் மாற்றம் வேண்டுமா, வேண்டுமென்றால் நான்கு மாற்று முறைகளில் எது என்று மக்களிடமே கேட்டார்கள். அடுத்த ஆண்டு சுமார் 54 சதவீதம் பேர் மேலே சொன்ன இரண்டு ஓட்டு முறையை உறுதி செய்தார்கள்.

பிரிட்டனும் 2011ல் வாக்கெடுப்பு நடத்தியது. ஆனால் வாக்குச்சீட்டில் என்ன போடுவது என்பதைக் கூட்டணி பேரத்தில் முடிவு செய்தார்கள். தொகுதிக்குள் வேட்பாளர்களை வரிசைப்படுத்தும் முறை மட்டும்தான் அதில் இருந்தது. மக்கள் அதை நிராகரித்தார்கள். விகிதாசாரம் வேண்டுமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை.