ஊட்டியில் தங்கும் சுற்றுலாப் பயணிகளிடம் ஒரு ராத்திரிக்கு ஐம்பது ரூபாய் வரி கேட்டால் என்ன தப்பு?

போன மே மாதம் எங்கள் தெருவில் எட்டு நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வந்தது. வந்த அன்றும் அரை மணி நேரம். கீழ்வீட்டு அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குடத்தோடு நின்றார். அந்த நேரம் பார்த்து, ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி மேலே ஏறியது. காட்டேஜுக்கு. ஓஸை சம்ப்பில் விட்டு மொத்தத்தையும் இறக்கினார்கள். "கெஸ்ட் ஃபுல்லுண்ணா, தண்ணி இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிடுவாங்க" என்றார் அங்கே வேலை பார்ப்பவர். தண்ணீர் இல்லாவிட்டால் நாங்கள் எங்கே காலி செய்துகொண்டு போவது?

ஊட்டிக்கு யாரும் வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சீசனை நம்பித்தான் இங்கே பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் இந்த ஊர் மக்களே 88,430 பேர்தான். 2025 சீசனில் நீலகிரிக்குள் வண்டி நுழைய வாங்க வேண்டிய இ-பாஸுக்கு உயர் நீதிமன்றம் வைத்த வரம்பு, சனி ஞாயிறுகளில் நாளுக்கு 8,000 வண்டி. வண்டிக்கு நாலு பேர் என்றாலே மாவட்டத்துக்குள் ஒரே நாளில் 32,000 பேர். ஊட்டியில் தங்குகிறவர்கள் குளிப்பதும் எங்கள் ஊருக்குத் தண்ணீர் தரும் பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணீரில்தான், அவர்கள் போடும் குப்பை போவதும் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டும் தீட்டுக்கல் கிடங்குக்குத்தான்.

சோதனைச்சாவடியில் வண்டிக்குப் பசுமை வரி வாங்குகிறார்கள், சரி. காலையில் வந்து மாலையில் இறங்குகிற வண்டிக்கும், மூன்று ராத்திரி தங்குகிற வண்டிக்கும் அதே ரசீதுதானே? அறை வாடகையில் ஜிஎஸ்டி கட்டுகிறோமே என்பார்கள். அதை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்கின்றன. எங்கள் தெருக் குழாய்க்கென்று அதில் என்ன இருக்கிறது?

பூடானுக்குப் போகும் நம் ஆட்கள் ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் வாயே திறக்காமல் கட்டுகிறார்கள். கியோட்டோவில் 2018 முதல் தங்கும் வரி இருக்கிறது. நான் கேட்பது ஆளுக்கு ராத்திரிக்கு வெறும் 50 ரூபாய். பத்தாயிரம் பேர் தங்கினால் 5 லட்சம், ஒரே ராத்திரியில்! அது சென்னைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரக்கூடாது. தண்ணீருக்கும் குப்பைக்கும் மட்டும் செலவாக வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று மாதாமாதம் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பில் போர்டு வைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வீட்டையே காட்டேஜாக்கி வாடகைக்கு விடுகிறவர்களிடமும் விடாமல் வாங்க வேண்டும்.

உடனே லாட்ஜ்காரர்கள், "கூட்டம் குறைஞ்சிடும்" என்று கிளம்புகிறார்கள். 1,500 ரூபாய் அறையை மே மாதம் 4,000-க்கு விடும்போது குறையாத கூட்டமா இந்த ஐம்பது ரூபாயில் குறையப்போகிறது?