தண்டவாளம் ஒன்று, அளவு வேறு

மாதிரி ரயில்களின் அளவுகளான எச்ஓ (HO), ஓஓ (OO) பற்றி, "எச்ஓவும் ஓஓவும் ஒன்றுதான், எதை வாங்கினாலும் கலந்து ஓட்டலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. இரண்டும் 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடும், உண்மை. ஆனால் எச்ஓ 1:87, அதாவது உண்மை ரயிலின் 87இல் ஒரு பங்கு; ஓஓ 1:76.2. பக்கத்தில் நிறுத்தினால் ஓஓ பெட்டி ஏழில் ஒரு பங்கு பெரிதாக, கொஞ்சம் விகாரமாகவே தெரியும்.

இலங்கையின் யாழ்தேவி ரயிலை மாதிரியாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எங்கள் ரயில் பாதை 1676 மில்லிமீற்றர் அகலம். ஓஓவில் அது 22 மில்லிமீற்றர் வரவேண்டும், எச்ஓவில் 19க்கு மேல். ஆகவே கடைத் தண்டவாளத்தில் எதை வைத்தாலும் எங்கள் ரயில் கால் ஒடுங்கித்தான் நிற்கும்.

எந்த அளவு வாங்கலாம் என்று கேட்ட தம்பி, அறை சின்னது என்றால் 1:160 'என்' (N) அளவைப் பாருங்கள். எச்ஓ, ஓஓவோடு ஒப்பிட்டால் வளைவுக்கு ஏறக்குறையப் பாதி ஆரம் போதும். மேசைப் பரப்பு கால்வாசியளவுதான் பிடிக்கும்.