கேள்வி எழவில்லை

"(அ): இல்லை. (ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை."

ஒரு எம்.பி. நாலு பாகமாகப் பிரித்து, பதினைந்து நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்து, குலுக்கலில் தப்பி வந்த கேள்விக்கு ஒரு அமைச்சகம் இப்படி ஒன்றரை வரியில் பதில் சொல்லிவிட முடியும். முதல் பாகத்துக்கே 'இல்லை' என்றால் மற்ற பாகங்களுக்குப் பதில் தேவையில்லை என்று அர்த்தம். சொல்கிறார்கள். வாரம் முழுக்கச் சொல்கிறார்கள். நாடாளுமன்றம் நடக்கும் நாட்களில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இந்தப் பதில்களை இறக்கிப் படிப்பது ஏழெட்டு வருஷமாக என் வழக்கம். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

டி.வி.யில் நாம் பார்க்கும் கேள்வி நேரம் வேறு. அது நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கானது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15. அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், உறுப்பினர் துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம். நான் சொல்வது நட்சத்திரம் இல்லாத கேள்விகளை. மக்களவையில் தினமும் 230, மாநிலங்களவையில் 160. எழுத்தில் கேள்வி, எழுத்தில் பதில், அவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மக்களவையில் நட்சத்திரக் கேள்விப் பட்டியலைப் பச்சைத் தாளிலும் இதை வெள்ளைத் தாளிலும் அச்சடிப்பது வழக்கம். பச்சைத் தாளுக்குக் கேமரா உண்டு. வெள்ளைத் தாளை என்னை மாதிரி தூக்கம் வராதவர்கள்தான் படிக்கிறோம்.

மதுரைக்காரனான எனக்கு இந்தப் பழக்கத்தைத் தொற்ற வைத்தது எய்ம்ஸ். 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்றார்கள். 2018 இல் மதுரைக்குப் பக்கத்துத் தோப்பூர் என்று முடிவானது. அந்த டிசம்பரில் 1,264 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல். 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை மேடைப் பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பக்கம் செங்கல்லைத் தூக்கிக் காட்டினார்கள், மறுபக்கம் வேலை ஜரூராக நடக்கிறது என்றார்கள். தென்மாவட்ட எம்.பி.க்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில்களை வரிசையாக அடுக்கி வைத்துப் படித்தால் கதை தெரிந்தது. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜெய்க்காவின் கடனுக்காகக் காத்திருக்கிறோம், 2021 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது, திட்ட மதிப்பு 1,977.8 கோடியாக உயர்ந்தது, 2022 ஏப்ரலில் 50 மாணவர்களோடு வகுப்பு ராமநாதபுரத்தில் தொடங்கியது. அதாவது மதுரை எய்ம்ஸின் முதல் செட் மாணவர்கள் மதுரையிலேயே படிக்கவில்லை.

அந்தப் பதில்களில் 'முன்முதலீட்டுப் பணிகள்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். சுற்றுச்சுவர் மாதிரியான ஆரம்ப வேலைகளுக்கு அமைச்சகம் வைத்த பெயர். 2022 செப்டம்பரில் பா.ஜ.க. தேசியத் தலைவர் நட்டா இங்கே வந்தபோது எய்ம்ஸ் பணி 95 சதவீதம் முடிந்துவிட்டது என்று பேசினார். ஊரே சிரித்தது. எம்.பி.க்கள் தோப்பூர் பொட்டல் காட்டுக்குப் போய், கட்டடத்தைக் காணோம் என்று படம் எடுத்துப் போட்டார்கள். பிறகு, அவர் சொன்னது ஆரம்பப் பணிகளைத்தான் என்று கட்சி விளக்கம் கொடுத்தது. வெள்ளைத் தாளைப் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த 95 எங்கிருந்து வந்திருக்கும் என்று உடனே புரிந்தது. சுவர் முடிந்ததை ஆஸ்பத்திரி முடிந்ததாகப் படித்துவிட்டால் அப்படித்தான் வரும்.

ஆக, எழுத்துப்பூர்வ பதிலை நான் மதிக்கிறேன். மேடையில் என்ன வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகலாம். அவையில் தெரிந்தே பொய்யை எழுதிக் கொடுத்தால் உரிமை மீறல், அதாவது அவையையே அவமதித்த குற்றம். அதனால் அமைச்சகங்கள் பெரும்பாலும் பொய் எழுதுவதில்லை, நழுவுகின்றன. நழுவுவதற்கு அவர்களுக்கு இடம் கொடுப்பது யார் என்பதில்தான் எனக்குக் கேள்வி கேட்கிற நம் எம்.பி.க்கள் மீது கோபம்.

2020 செப்டம்பர் 14. கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்துவிட்டு, எழுத்துக் கேள்விகளை மட்டும் அனுமதித்த கூட்டத்தொடர். ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் செத்துப்போன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். தொழிலாளர் அமைச்சகம் சொன்ன பதில்: அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை. இழப்பீடு? கேள்வி எழவில்லை. ஊர் திரும்பியவர்கள் 1.04 கோடிப் பேர் என்று மட்டும் எண்ணி வைத்திருந்தார்கள். நடந்தவர்களுக்குக் கணக்கு இருந்தது, விழுந்தவர்களுக்கு இல்லை. நாடே கொதித்தது. சரி. ஆனால் அதே கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் வேறொரு கேள்விக்கு ரயில்வே பதில் சொன்னது: புலம்பெயர் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் 97 பேர். இது எப்படி வந்தது? ரயில்வேயிடம் அந்த ரயில் பயணத்தைப் பற்றித் தனியாகக் கேட்டதால் வந்தது. பெட்டிக்குள் ஒருவர் இறந்தால் போலீஸ் பதிவு இருந்தே தீரும், 'இல்லை' என்று சொல்ல வழி கிடையாது. கணக்கு எந்த மேசையில் இருக்கிறதோ அந்த மேசையைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

இதைவிட உறைக்கும் உதாரணம் ஒன்று உண்டு, நமக்கு நெருக்கமானது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கையால் மலம் அள்ளும் வேலையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டபோது, அப்படி ஒரு மரணமும் பதிவாகவில்லை என்றது சமூக நீதி அமைச்சகம். படித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் சட்டத்தின் கணக்கில் கையால் மலம் அள்ளுவது ஒன்று, பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் சுத்தம் செய்வது இன்னொன்று. பின்னதை வைத்துக் கேட்டால் அதே அமைச்சகம் 1993 முதல் இறந்தவர்கள் 900க்கு மேல் என்று மாநிலவாரியாகப் பட்டியலே தருகிறது. அந்தப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாடு. ஒரு சொல் மாறினால் பூஜ்யம், இன்னொரு சொல்லில் 900 பிணம். அமைச்சகத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பதில் எந்தச் சொல்லில் ஒளிந்துகொள்ளும் என்று கேட்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

அதே ஜூலையில்தான் ஆக்சிஜன் பதிலும் வந்தது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று. அந்தக் 'குறிப்பாக'வைக் கவனித்தீர்களா? இறப்புச் சான்றில் காரணம் கொரோனா என்றுதான் இருக்கும், சிலிண்டர் தீர்ந்தது என்று எந்த மாநிலமும் படிவத்தில் நிரப்பாது. சுகாதாரம் மாநிலப் பட்டியல் என்று முதல் வரியிலேயே ஒரு கதவைச் சாத்திவிட்டு, இரண்டாம் வரியில் 'குறிப்பாக' என்று ஒரு தாழ்ப்பாள்.

இன்னொரு வித்தை, எல்லாவற்றையும் கட்டிப்போட்டு ஒரே பதிலாகச் சொல்வது. "(அ) முதல் (ஈ) வரை" என்று ஆரம்பித்து, திட்டம் எந்த ஆண்டு தொடங்கியது, நோக்கம் என்ன என்று ஒன்றரைப் பக்கம். முடிவில் பார்த்தால் நீங்கள் கேட்ட (இ)க்கு மட்டும் பதில் இருக்காது. பரீட்சையில் தெரியாத கேள்விக்குப் பசுவைப் பற்றி எழுதுவோமே, அதேதான்.

"தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்பதைப் படித்துப் பலர் கடுப்பாகிறார்கள். எனக்கு அது பிடித்த பதில். ஏனென்றால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. அதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதலே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதம் மூன்று வருஷமாக இழுப்பதும், கடைசியில் இதைக் கைவிட அனுமதியுங்கள் என்று அமைச்சகம் குழுவிடம் மனுப் போடுவதும் நடக்கிறதுதான். இருந்தாலும் 'கேள்வி எழவில்லை'யைவிட இது ஆயிரம் மடங்கு மேல், கோப்பு மூடப்படுவதில்லை.

கேட்கிற உரிமை நமக்கு ஓசியில் வந்ததில்லை என்பதற்காக ஒரு சின்னக் கதை. 1892 சட்டத்துக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்ட மன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வியே கேட்க முடிந்தது. துணைக்கேள்வியெல்லாம் கிடையாது. 1893 பிப்ரவரி 16 அன்று முதல் கேள்வியைக் கேட்டவர் பிங்கா மகாராஜா. எதைப் பற்றி? சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான் கொடுத்து கிராமத்துக் கடைக்காரர்கள் படும் அவதியைப் பற்றி. ராஜா கேட்ட கேள்வி மளிகைக் கடைக்காரருக்காக. பின்னால் மத்திய சட்டசபையில் நம்மூர் சத்தியமூர்த்தி துணைக்கேள்விகளால் வெள்ளைக்கார அதிகாரிகளை எப்படித் திணறடித்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

சுதந்திரத்துக்குப் பின் ஒரு கேள்வி ஒரு நிதியமைச்சரையே வீட்டுக்கு அனுப்பியது, அவரும் நம்மூர்க்காரர். 1957 இல், தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியதா என்று மக்களவையில் கேட்டார்கள். முதலில் பிடிகொடுக்காத பதில்தான் வந்தது. ஃபெரோஸ் காந்தி விடவில்லை. நேருவின் மருமகன் நேருவின் அரசையே குடைந்தார். சாக்ளா விசாரணை ஆணையம் வந்தது, 1958 பிப்ரவரியில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். முதல் பதில் மழுப்பலாக வந்ததும் 'சரி, அவ்வளவுதான்' என்று விட்டிருந்தால் முந்த்ரா என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

கேள்விக்கு விலையும் வைத்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. 1951 இல் முத்கல் என்ற எம்.பி., பம்பாய் தங்க வியாபாரிகளுக்காகக் காசு வாங்கிக் கேள்வி கேட்டதாக எழுந்த விவகாரம். 2005 இல் ரகசியக் கேமரா முன்னால் பணம் வாங்கிய 11 எம்.பி.க்களை அந்த டிசம்பரிலேயே வெளியேற்றினார்கள். 2023 இல் இதே மாதிரிப் புகாரில் திரிணாமுல் எம்.பி. மஹுவா மொய்த்ராவின் பதவி பறிக்கப்பட்டது. அந்தக் கடைசி வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே சண்டை போட வேண்டாம், கமென்ட் பெட்டி தாங்காது.

எதிர்க்கட்சி நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும், ஒன்று சொல்கிறேன். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் அன்றைய நட்சத்திரக் கேள்விகளும் எழுத்துப் பதிலாக மேசைக்குப் போய்விடும். துணைக்கேள்வி கிடையாது. மடக்கப்படுவோமோ என்று பயந்து தயாரித்து வந்த அமைச்சர் நிம்மதியாக டீ குடிக்கப் போவார். அமளி தப்பே என்று சொல்ல மாட்டேன், சில நாள் அதைத் தவிர வேறு வழி விடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு அமளியும் ஏதோ ஒரு அமைச்சருக்கு விடுமுறை.

இந்தப் பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவது தனி வயிற்றெரிச்சல். இராமேஸ்வரம் மீனவர் கைது பற்றி வெளியுறவு அமைச்சகம் என்ன எழுதியது என்பதை இராமேஸ்வரத்தில் எத்தனை வீட்டில் படிக்க முடியும்? எம்.பி. அலுவலகங்கள் தாங்கள் கேட்டதையும் வந்த பதிலையும் தமிழில் போடலாம். போடுகிறவர்கள் போடுகிறார்கள். பலர் கேள்வி கேட்டதற்கு மட்டும் போஸ்டர் அடிக்கிறார்கள், பதில் வந்ததும் காணாமல் போகிறார்கள்.

கடைசியாக என் சொந்த அனுபவம். எங்கள் பக்கத்தில் மத்திய அரசின் ஒரு சேவை மையம். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை வருஷமாகப் பூட்டு. நாலைந்து பேர் சேர்ந்து, தெரிந்த எம்.பி. ஒருவரின் உதவியாளரிடம் போய், "மையம் செயல்படுகிறதா, இல்லையென்றால் காரணம் என்ன" என்று கேட்கச் சொன்னோம். கேட்டார்கள். பதில் வந்தது: (அ): ஆம், செயல்படுகிறது. (ஆ), (இ): கேள்வி எழவில்லை.

கொந்தளித்துப் போனோம். அந்த உதவியாளர் தம்பி சிரித்தார். "அண்ணே, 'செயல்படுதா'ன்னு கேட்டா 'ஆமா'ன்னுதான் வரும். ஆர்டர் போட்டுத் திறந்த மையம் அவங்க பேப்பர்ல செயல்படத்தான் செய்யும். 'ஆமா, இல்லை'ன்னு சொல்ற மாதிரி கேட்கவே கூடாதுண்ணே. எண்ணிக்கை கேளுங்க. கட்டம் போட்டுத்தான் பதில் சொல்லணும், கட்டத்துல வெறுமனே விட முடியாதுல்ல?"

அவரே உட்கார்ந்து மாற்றி எழுதினார். தமிழ்நாட்டில் உள்ள மையங்கள் எவை, ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, அதில் நிரப்பப்பட்டது எத்தனை, கடந்த ஓராண்டில் மாதவாரியாக வந்துபோன பொதுமக்கள் எத்தனை பேர், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெயரே கேள்வியில் இல்லை. அந்தக் கூட்டத்தொடரில் குலுக்கலில் விழவில்லை. அடுத்ததில் விழுந்தது.

பதிலோடு இணைப்பாக அட்டவணை வந்தது. எங்கள் ஊர் வரிசையில்: பணியிடம் 3, நிரப்பப்பட்டது 0. மாதவாரிக் கட்டங்கள் பன்னிரண்டிலும் சின்னதாக ஒரு கோடு.

ஜெராக்ஸ் எடுத்து, அந்த வரிசையை மட்டும் மஞ்சள் பூசி, பூட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் தாளைக் கிழித்திருந்தார்கள். சரி, யாரோ ஒருவராவது அங்கே வேலைக்கு வந்திருக்கிறார்.