பெண்களின் ஆவணங்கள்: காப்பது பாதி வேலைதான்

"பெண்களின் வரலாற்றுக்குச் சான்றுகள் கிடைப்பதில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பெண்கள் எதையும் விட்டுச்செல்லவில்லை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அது பொய். கடிதம், நாட்குறிப்பு, வரவுசெலவுக் கணக்கு, கைமருந்துக் குறிப்பு, சங்கக் கூட்டத்தின் தீர்மானம், துண்டறிக்கை என்று எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். எழுத்து மறுக்கப்பட்டவர்கள் சொன்னார்கள், பாடினார்கள். அதையெல்லாம் யார் எடுத்து வைத்தார்கள், யார் பெயரில் வைத்தார்கள், யாருக்குத் திறந்துவிட்டார்கள்? நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் வாழ்ந்தவர். 1785இல் தொடங்கி, 1812இல் இறக்கும்வரை, 27 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். இன்று வானிலை எப்படி, யார் வீட்டில் பிரசவம், ஆற்றை எப்படிக் கடந்தேன், கூலி வந்ததா, வீட்டில் என்ன நெய்தார்கள் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஓரிரு வரிகள். 816 பிரசவங்கள் அதில் பதிவாகியுள்ளன. பின்னாளில் அதைப் புரட்டிய வரலாற்றாசிரியர்களுக்கு அது வீட்டுவேலை பற்றிய அற்ப விவரங்களின் குவியலாகவே தெரிந்தது.

அந்த நாட்குறிப்பு தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அவருடைய குடும்பம். அவர் வழித்தோன்றலான மேரி ஹோபார்ட் என்ற பெண் மருத்துவர் 1930இல் அதை மெய்ன் மாநில நூலகத்துக்குக் கொடுத்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1990இல், வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிச் அதே "அற்ப" வரிகளிலிருந்து ஓர் ஊரின் வரலாற்றையே எழுதினார். பெண்களுக்குள் நடந்த பண்டமாற்று, மருத்துவர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் இடையிலான உறவு, நீதிபதி ஒருவர்மீது எழுந்த பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு என எல்லாம் அந்த வரிகளில் இருந்தன. மறு ஆண்டு அந்த நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

என்னை உறுத்துவது அந்த அறுபது ஆண்டுகள்தான். நாட்குறிப்பு தொலையவில்லை. பொது நூலகத்தில் பத்திரமாக இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று மதிக்கத் தெரிந்த கண்தான் இல்லை.

ஆகவே, ஆவணக்காப்பகம் என்றதும் நாம் கற்பனை செய்யும் குளிரூட்டிய அறையும் அமிலமில்லாத அட்டைப்பெட்டிகளும் எனக்கு இரண்டாம்பட்சம். முதல் தேவை பட்டியல். உள்ளே என்ன இருக்கிறது என்று தேடுபவருக்குச் சொல்லும் விவரக்குறிப்பு. பெண்களின் வரலாறு அதிகமாகப் புதைந்துபோவது அங்கேதான். புகழ்பெற்ற ஒருவரின் ஆவணத் தொகுப்பில் "குடும்பக் கடிதங்கள்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் மனைவி, தங்கை, மகள் மூவரின் சிந்தனையும் அடங்கிக் கிடக்கும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவரோ பட்டியலில் இரண்டு வேறு மனிதர்களாகச் சிதறிவிடுவார். அல்லது திருமதி என்ற சொல்லோடு கணவரின் பெயரில் கரைந்துபோவார். இதைச் சரிசெய்யப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். ஒருவரின் எல்லாப் பெயர்களையும் இணைக்கும் குறிப்பும், பொறுமையாக உட்கார்ந்து படிக்கும் ஒருவரும், அவருக்கு மாதாமாதம் சம்பளமும் போதும். கட்டடம் திறக்க நன்கொடை தருபவர்கள் இந்தச் சம்பளத்துக்குத் தரத் தயங்குகிறார்கள். கல்வெட்டில் பெயர் வராதே!

"பொதுவான காப்பகங்கள் இருக்கும்போது பெண்களுக்கென்று தனியாக எதற்கு?" என்று நல்ல மனத்தோடு கேட்பவர்களும் உண்டு. பொதுக் காப்பகங்கள் பெரும்பாலும் அரசுகளையும் அலுவலகங்களையும் போர்களையும் தலைவர்களையும் பின்தொடர்ந்து வளர்ந்தவை. வந்து சேர்ந்ததை வைத்தன. பெண்களுக்கான காப்பகமோ தேடிப் போய்க் கேட்டாக வேண்டும். வரலாற்றாசிரியர் மேரி பியர்ட் 1935இல் நியூயார்க்கில் அப்படி ஒரு உலக மையத்தைத் தொடங்க முனைந்தார். பணமில்லாமல் 1940இல் அது மூடப்பட்டது. ஆனால் அந்த முயற்சி விதைத்த எண்ணம் வீண்போகவில்லை. 1942இல் ஸ்மித் கல்லூரியிலும் 1943இல் ராட்கிளிஃப் கல்லூரியிலும் பெண்களின் ஆவணத் தொகுப்புகள் உருவாயின.

மும்பையில் 1988இல் தொடங்கப்பட்ட ஸ்பாரோ (SPARROW: Sound & Picture Archives for Research on Women) என்ற பெண்கள் ஆவணக்காப்பகத்தை நம்மில் பலர் அறிவோம். எழுத்தாளர் அம்பை அதன் நிறுவனர்களில் ஒருவர். ஒலியும் படமும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. காகிதத்தில் இறங்காத வாழ்க்கையைக் காகிதத்தில் மட்டும் தேடினால் எப்படிக் கிடைக்கும்? வாய்மொழிப் பதிவுக்குத் தனிப்பட்ட அவசரம் ஒன்றும் இருக்கிறது. காகிதம் ஐம்பது ஆண்டுகள் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார்.

ஆவணங்களைப் படியெடுத்துப் பல இடங்களோடு பகிர்வது பாதுகாப்பும்கூட. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ரோசா மானுஸ் உள்ளிட்டோர் பெண்கள் இயக்கத்துக்கான பன்னாட்டுக் காப்பகத்தை நிறுவினார்கள். 1940இல் நாஜிகள் அதை மொத்தமாக அள்ளிச் சென்றார்கள். யூதரான மானுஸ் நாஜிகளின் பிடியிலேயே உயிரிழந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1992இல், அந்த ஆவணங்களில் ஒரு பகுதி மாஸ்கோவில் இருப்பது தெரியவந்தது. திரும்பி வந்தது 2003இல். ஒரே படி, ஒரே இடம் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

அதற்காக எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டிவிடுவதையும் நான் ஏற்க மாட்டேன். தனக்கு நேர்ந்த வன்முறையைப் பற்றி ஒரு பெண் ஒலிப்பதிவுக் கருவியின் முன் பேசியது அந்த அறையின் நம்பிக்கையில். எதை இப்போது வெளியிடலாம், எதைத் தன் காலத்துக்குப் பிறகு, எதைப் பெயர் மறைத்து என்று அவரே முடிவுசெய்யட்டும். அந்த முடிவை எழுதி வாங்க வேண்டும். அவர் வெளியிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனதைக் குடும்ப மானத்தின் பெயரால் உறவினர்கள் தடுக்க வந்தால், காப்பகம் அந்தப் பெண்ணின் பக்கம்தான் நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணின் காகிதங்கள் இருக்கலாம். எது முக்கியம் என்று நீங்களே தீர்மானித்துக் கழிக்காதீர்கள். கணக்கு நோட்டையும் சேர்த்து வையுங்கள். இருக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள். புகைப்படத்தின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். பெண்களுக்கு அவர்களுடைய சொந்தப் பெயரையே எழுதுங்கள், "இன்னாரின் மனைவி" என்பது போதாது. காப்பகத்துக்குக் கொடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எப்போது பட்டியலிடுவீர்கள்? யாரெல்லாம் பார்க்க முடியும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.