மேட்டுப்பாளையம் – கோத்தகிரி ரோட்டுக்கு அகலம் வேண்டாம், வடிகால் வேண்டும்

மே மாதம் வந்தால் நீலகிரியில் ஒரு ஏற்பாடு நடக்கும். ஊட்டிக்கு ஏறுகிற வண்டியெல்லாம் குன்னூர் வழி, இறங்குகிற வண்டியெல்லாம் கோத்தகிரி வழி. சீசன் நெரிசலுக்கு இது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் ரோட்டை எடைபோடுகிறார்கள். "இன்னும் கொஞ்சம் அகலமாக்கிவிட்டால் சல்லென்று இறங்கிவிடலாமே" என்று சுற்றுலா வருகிறவர்கள் சொல்வதும், அதற்கு நம் ஊர்க்காரர்களே தலையாட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாநில நெடுஞ்சாலை 15 ஈரோட்டிலிருந்து கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு வருகிறது. அதில் மலையேறும் துண்டு, அதாவது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை, 33 கிலோமீட்டர்தான். பவானி ஆற்றைத் தாண்டினால் குன்னூர் ரோடு தனியே பிரிந்துவிடும். நம் ரோடு பாக்குத் தோப்புகளை விட்டுக் காட்டுக்குள் ஏறி, குஞ்சப்பனை சோதனைச் சாவடி, மாமரம், முள்ளூர், தட்டப்பள்ளம் என்று சுற்றிச் சுற்றி அரவேணு வந்து கோத்தகிரியைத் தொடும். கீழே வியர்த்து வழிந்தவர் அரவேணுவில் ஸ்வெட்டரைத் தேடுவார்.

இந்தப் பக்கத்துக்கு இருக்கும் வரலாறு பலருக்குத் தெரியாது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலையேறி வந்தது கோத்தகிரிப் பக்கம்தான். ஊட்டி பிறகு வந்த கதை. சிறுமுகையிலிருந்து கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டி வரை பாதை வெட்டும் வேலை சிறைக்கைதிகளைக் கொண்டு நடந்து, 1823-ல் முடிந்தது. நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் போட்ட முதல் பாதை அதுதான். அதற்கு முன்பும் இங்குள்ள படுகர்களும் கோத்தர்களும் இருளர்களும் குறும்பர்களும் மலையில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சல்லிவனுக்குக் கன்னேரிமுக்கில் நினைவகம் இருக்கிறது, நல்லது. பாறையை உடைத்த அந்தக் கைதிகளுக்கும் ரோட்டோரம் ஒரு கல்லாவது நட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1830-களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை வந்ததும் போக்குவரத்து அங்கே போய்விட்டது. ரயிலும் அந்தப் பக்கமே ஏறியது: 1899-ல் குன்னூர், 1908-ல் ஊட்டி. கோத்தகிரி ஒதுங்கிப்போனது. இதை நஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அப்படி ஒதுங்கியதால்தான் கீழ்ச்சரிவில் இன்னும் இவ்வளவு காடு மிச்சமிருக்கிறது.

அந்தக் காடு யாருடையது என்று பலாப்பழ சீசனில் பார்த்தால் புரியும். குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் தோட்டங்களில் அடிமரத்திலிருந்தே பலா கொத்துக்கொத்தாகத் தொங்கும். சாயங்காலம் காற்றிலேயே வாசனை வரும். அதற்காகச் சமவெளிக் காட்டிலிருந்து யானைகள் குட்டிகளோடு மேலே ஏறிவரும், இரவில் ரோட்டைக் கடக்கும். இங்கே வழக்கமாக ஓட்டுகிற பஸ் டிரைவர்களுக்கு இது தெரியும். ஹாரன் அடிக்காமல், லைட்டைக் குறைத்து, தூரமாக நிறுத்திக் காத்திருப்பார்கள். அவசரக்காரர்கள்தான் கிட்டப் போய் செல்போனைத் தூக்குவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ரோட்டை அகலமாக்கும் வேலை நடந்தபோது, யானை ஏறி இறங்கும் இடங்களிலும் மலையோரம் உயரமாகத் தடுப்புச்சுவர் கட்டிவிட்டார்கள். குட்டியோடு வந்த யானைக் கூட்டம் சுவரைத் தாண்ட வழியில்லாமல் ரோட்டிலேயே தவித்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. பிறகுதான் சுவரை இடித்து வழிவிட்டார்கள். கட்டவும் செலவு, இடிக்கவும் செலவு. சோதனைச் சாவடிக்குப் பக்கத்திலிருக்கும் எந்த இருளர் ஊரிலாவது போய் யானை எங்கே கடக்கும் என்று கேட்டிருந்தால், விரலை நீட்டிக் காட்டியிருப்பார்கள்.

சரி, வடிகாலுக்கு வருகிறேன். எனக்கு முக்கியம் இதுதான். கோத்தகிரிப் பக்கம் தென்மேற்கு மழை அவ்வளவாக எட்டாது, தொட்டபெட்டா மறைத்துக்கொள்ளும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த மாதத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

மலையில் ரோட்டை அகலமாக்குவது என்றால் மலைப்பக்கத்து மண்ணைப் பொக்லைனால் செங்குத்தாகச் சீவுவது. சரிவாகப் படுத்துக்கிடந்த மண் நேராக நிற்க வேண்டியதாகிறது. மேலே தேயிலைத் தோட்டத்தில் இறங்கும் தண்ணீரெல்லாம் அந்த வெட்டுமுகத்தில்தான் கசியும். அதை வாங்கிச் சிறுபாலம் வழியாகப் பள்ளத்தில் விடத்தான் ரோட்டோர வாய்க்கால். போய்ப் பாருங்கள், பல சிறுபாலங்களின் வாய் கவாத்து வெட்டிய குச்சி, சரிந்த மண், குர்குரே கவர், காலி பாட்டில் எல்லாம் சேர்ந்து இறுகிக்கிடக்கும். வழியில்லாத தண்ணீர் தார்மேல் ஏறி, ரோட்டைக் குறுக்கே கடந்து, பள்ளப்பக்க ஓரத்தை அடியில் அரிக்கும். மேலே தார் அப்படியே இருக்கும், கீழே மண் இருக்காது. அந்த ஓரத்தில்தான் எதிரே வரும் காய்கறி லாரிக்கு நாம் ஒதுங்கி வழிவிடுகிறோம்.

ரோடு அடைத்தால் சுற்றுலாக்காரர் ஒருநாள் கூடத் தங்கிவிட்டுப் போவார். எங்களுக்கு அப்படியில்லை. கேரட்டும் பீட்ரூட்டும் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டும். பெரிய வைத்தியம் என்றால் கோவைக்குத்தான் இறங்க வேண்டும், ஆம்புலன்ஸ் குன்னூர் சுற்றிப் போனால் எவ்வளவு நேரம் வீண் என்று இங்கே எந்த வீட்டைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வண்டி கூடுகிறது என்றால் வண்டியைக் குறைக்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் முன்கூட்டியே பதிந்து வாங்கும் இ-பாஸ் வந்தது. மறு வருடம் சீசனுக்கு நீலகிரியில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. லாட்ஜ், கடை வைத்திருப்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மலையை வெட்டுவதைவிட இது மேல்.

ஐப்பசிக்கு முன் மூன்று வேலை நடந்தாக வேண்டும். குஞ்சப்பனை முதல் அரவேணு வரை ஒவ்வொரு சிறுபாலத்தையும் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். வெட்டி விட்டுப்போன மண்முகங்களுக்குத் தண்ணீர் வடிய வழி வைத்து, புல் பிடிக்கச் செய்ய வேண்டும். இனி எங்கே சுவர் கட்டுவதானாலும் பக்கத்து ஊர்க்காரர்களையும் வனத்துறையையும் கூட நிறுத்தி இடம் குறிக்க வேண்டும். அந்த வழியில் தினமும் போய்வருகிறவர்கள் அடைபட்ட சிறுபாலம் கண்ணில் பட்டால், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் மனுவோடு சேர்த்து, ஊட்டியில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறேன். கூட வர முடிந்தவர்கள் முன்னாடியே சொல்லுங்கள், ஒரே பஸ்ஸில் போய்விடலாம்.