ரேட்டை மட்டும் ஏனுங்க மறைக்கறோம்?

நேத்து ராத்திரி பெருந்துறை பைபாஸ்ல ஒரு ஆக்சிடென்ட்ங்க. பத்தே நிமிசத்துல எங்க நிருபர்கள் வாட்ஸ்அப் குரூப்புல விஷுவல் வந்துருச்சு, எடுத்தது ஒருத்தன், சேனலுக்கு அனுப்புனது இருபது பேரு, யாரும் யாருகிட்டயும் கணக்குப் பாக்கல. இவ்ளோ ஒத்துமையா இருக்கற குரூப்புல "உனக்கு ஒரு மேட்டருக்கு, அதாவது ஒரு செய்திக்கு, எவ்ளோ தர்றாங்க"ன்னு ஒருத்தன் கேட்டாப் போதும், ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்.

பதினோரு வருசமா நான் ஸ்டிரிங்கர், மாசச் சம்பளம் இல்லாம மேட்டருக்கு இவ்ளோன்னு வாங்கற நிருபர், ஒரு பேப்பருக்கும் ஒரு சேனலுக்கும். போன மாசம் கொடுமுடி போயிட்டு வந்தேன், பெட்ரோலே 170 ரூபா, மேட்டர் வரல. டெஸ்க்ல கேட்டா "எடம் இல்லண்ணா". கேமரா நம்மது, பைக் நம்மது, நெட் பேக்கும் நம்மது, மைக்குல இருக்கற லோகோ மட்டும்தான் அவங்களோடது. இதுல பொங்கல் வந்தா விளம்பரம் வேற புடிச்சுக் குடுக்கோணும்.

2022 ஜனவரி விசைத்தறி ஸ்டிரைக்குக்கு சோமனூர் போயிருந்தேன். 2014ல பேசுன கூலியிலயே ஓட்டிட்டு இருக்கறமுங்கன்னு கேமராவுல பேட்டி குடுத்த தறிக்காரர், டீ வாங்கிக் குடுத்துட்டு "உங்களுக்கு ஒரு செய்திக்கு எவ்ளோ தம்பி"ன்னார். ரெண்டு மடங்கு கூட்டிச் சொல்லிட்டு வந்துட்டேன். அவரும் ஜாப் ஒர்க்தான், தறி அவரோடது, கரண்ட் பில்லு அவரோடது, பாவும் நூலும் மட்டும் ஜவுளிக்காரர் தருவாரு. ஆனா மீட்டருக்கு என்ன கூலின்னு பல்லடம், அவிநாசி எல்லாம் தெரியும், அதனாலதான் ஒண்ணா தறிய நிறுத்திக் கேக்க முடியுது. எனக்குப் பக்கத்து தாலுகா ஸ்டிரிங்கர் என்ன வாங்கறான்னே தெரியாதே!

சட்டம் இல்லியான்னு கேப்பீங்க. 1955ல போட்டு 2025 நவம்பர் வரைக்கும் இருந்த பத்திரிகையாளர் சட்டத்துலயே பகுதி நேரமா வேலை பாத்தாலும் பத்திரிகையாளர்தான்னு இருந்துச்சு, பத்திரிகைக்காரங்க சம்பளத்துக்குன்னு மத்திய அரசு போட்ட மஜீதியா போர்டு சொன்ன சம்பளம் செல்லும்னு 2014 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. எல்லாம் வேலைக்கு வெச்சிருக்காங்கன்னு காட்ட ஒரு காயிதம் இருக்கறவனுக்கு. நம்மகிட்ட இருக்கறது ஐடி கார்டு, அதும் பாதிப் பேருத்துக்கு தேதி முடிஞ்சது.

"நீ கேட்டா இன்னொருத்தன் சும்மாவே வருவான்"னு சீனியர் அண்ணன் ஒருத்தர் சொல்றாரு. வருவான்தான், பிரஸ்மீட்ல காசு வெச்சுக் குடுக்கற கவர நம்பி வருவான். அவனையும் குரூப்புல சேத்துப் பேசுனாத்தான் ஆகும், திட்டி வெளிய தள்ளுனா ஆகாது. ஒரு மாவட்டத்துக்கு இதுக்குக் கீழ மேட்டர் இல்லைன்னு ஒரு ரேட்டு, வரலைன்னாலும் பெட்ரோல் காசு, இந்த ரெண்டு போதும் மொதல்ல.

சரி, நானே ஆரம்பிக்கறேன். பேப்பர்ல மேட்டருக்கு 150, போட்டோவோட 200. சேனல்ல விஷுவலுக்கு 250. கடைசியா காசு வந்தது ஆடி மாசம். அடுத்து யாருங்க?